டிவிஷன் இறங்கியவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் டிவிஷன் ஏற்றம், இறக்கம் (கடைசியில் வரும் அணிகளைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கி, கீழே ஜெயித்த அணிகளை மேலே ஏற்றுவது) கொண்டுவரலாமா என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் 'அந்த நாட்டுக்கு இது ஒத்துவராது' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார் எழுதியவர். தோற்ற அணி கீழே போனால் அழிந்துவிடுமாம், போட்ட பணம் போய்விடுமாம். கீழே போய்ப் பார்த்தவன் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் போயிருக்கிறேன், அதுவும் என் தலையாலேயே.

1978. அப்போது எனக்கு 22 வயது, கல்லிடைக்குறிச்சி அணியில் பேக், கோல் விழாமல் தடுக்கிற ஆள். நாங்கள் ஆடிய லீக்கில் 'ஏ' டிவிஷன், 'பி' டிவிஷன் என்று இரண்டு. கடைசி ஆட்டம் பாளையங்கோட்டையில், ஐப்பசி மழை. டிரா செய்தால் போதும், 'ஏ' டிவிஷனில் தங்கிவிடலாம். எங்கள் பக்கம் அப்போதும் லேஸ் கட்டிய தோல் பந்துதான், மழையில் ஊறினால் அது பந்தில்லை, அம்மிக்குழவி. முடிய இன்னும் சில நிமிடங்கள் இருக்கும்போது கார்னரில் வந்த பந்தைத் தலையால் வெளியே தள்ளப் போனேன். லேஸ் முடிச்சு நெற்றிப் பொட்டில் பட்டது, கண்ணைத் திறந்து பார்த்தால் பந்து எங்கள் வலைக்குள் கிடக்கிறது. சேம் சைடு கோல். செங்கோட்டை பாசஞ்சரில் திரும்பும்போது சேரன்மகாதேவி தாண்டும் வரை ஒருத்தனும் என்னோடு பேசவில்லை, அதற்கப்புறம் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஊரில் எங்களுக்குப் பனியன் எடுத்துக்கொடுத்தவர் ஓர் அப்பளக் கம்பெனி அண்ணாச்சி. மறுநாள் காலையில் கடை வாசலில் நிறுத்தி, "என்னடே, கீழ எறங்கிட்டீயளாமே" என்றார். "இந்த வருசம் பனியன் கெடையாது. ஏறி வாங்க, அப்புறம் பாப்போம்." நன்றாக ஆடிய மூன்று பேர் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். நம்பர் அழிந்துபோன பழைய பனியனோடு, பள்ளிக்கூடத்துப் பையன்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு 'பி' டிவிஷன் ஆடினோம். முதல் வருடம் முடியவில்லை. இரண்டாவது வருடம் ஏறினோம். அந்த ஆட்டத்துக்கு ஊரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆள் வந்தது. 'ஏ' டிவிஷனில் பாதுகாப்பாக நடுவில் உட்கார்ந்திருந்த வருடங்களில் சைக்கிளில் வருகிற நாலு பேரைத் தவிர யாரும் எங்களைப் பார்க்க வந்ததில்லை. இறங்கினால் வலிக்கும், நான் மறுக்கவில்லை. அழிந்து போகவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். நான் சேம் சைடு கோல் போடுவதற்கு முந்தைய வருடம், 1977 செப்டம்பரில், பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு கல்கத்தா வந்து ஈடன் கார்டனில் மோகன் பகானோடு ஆடினார், 2-2. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் காஸ்மாஸ் என்றால் உலகத்திலேயே பெரிய கிளப். அந்த காஸ்மாஸ் ஆடிய லீக் 1984 சீசனோடு மூடப்பட்டது, கொஞ்ச நாளில் காஸ்மாஸும் இல்லை. சரி, பெலே அதற்குமுன் காலமெல்லாம் ஆடிய சாண்டோஸ் என்ன ஆயிற்று? பிரேசிலில் ஒவ்வொரு வருடமும் முதல் டிவிஷனில் இருக்கும் 20 அணிகளில் கடைசி நான்கு கீழே போகவேண்டும், யாருக்கும் சலுகை கிடையாது. பெலே இறந்ததற்கு அடுத்த வருடம், 2023-ல், சாண்டோஸ் வரலாற்றிலேயே முதல் தடவையாக இறங்கியது. ஊரே அழுதது. 2024-ல் இரண்டாம் டிவிஷன் சாம்பியனாகி மேலே வந்துவிட்டது. ஒரே மனிதர் ஆடிய இரண்டு கிளப். இறங்க இடமிருந்தது பிழைத்தது, இறங்க இடமில்லாதது செத்தது.

தூரம் அதிகம், பயணச் செலவு தாங்காது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். பிரேசில் என்ன நாங்குநேரி தாலுகாவா?

அமெரிக்காவின் இப்போதைய பெரிய லீக்கான எம்.எல்.எஸ். (மேஜர் லீக் சாக்கர்) 1996-ல் 10 அணியோடு ஆரம்பித்தது. காஸ்மாஸ் காலத்து லீக் மூடிப்போன பயம் அவர்களுக்கு இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. அதனால் லீக் மொத்தத்தையும் ஒரே கம்பெனி மாதிரி வைத்தார்கள். அணி முதலாளிகள் அதில் பங்குதாரர்கள், ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம்கூட லீக்கோடுதான். அப்படியும் 2002 தொடக்கத்தில் ஃபுளோரிடாவிலிருந்த தம்பா பே, மயாமி இரண்டு அணிகளையும் மூடினார்கள். கீழ் டிவிஷனுக்கு இறங்க வழி இருந்து அங்கே போயிருந்தால் பணம் குறைந்திருக்கும், பெயர் இருந்திருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்குப் பார்ப்பதற்கு ஓர் அணியாவது இருந்திருக்கும்.

அப்புறம் லீக் பிழைத்துக்கொண்டது, விலையும் ஏறிற்று. 2007-ல் டொரண்டோ உள்ளே வரக் கட்டிய நுழைவுக் கட்டணம் 1 கோடி டாலர். 2025-ல் 30-வது அணியாக வந்த சான் டியாகோ கட்டியது 50 கோடி டாலர். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் மண்டகப்படி இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. இன்ன நாள் இன்னார் வீட்டு மண்டகப்படி என்றால் அது பரம்பரை உரிமை, சுண்டல் வேகாவிட்டாலும் அடுத்த வருடம் அவர்களுக்குத்தான். கோயிலுக்கு அது சரி. லீக்குக்கு? அங்கே கடைசியில் வந்தவனுக்குத் தண்டனை இல்லை என்பதோடு, அடுத்த வருடக் கல்லூரிப் பையன்களை எடுக்கும்போது முதல் வரிசையில் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். நாங்கள் கடைசியில் வந்தபோது பனியனே கிடைக்கவில்லை.

என் மகள் குடும்பம் சாக்ரமெண்டோவில் இருக்கிறது. 2022 ஜூலையில் அங்கே போயிருந்தபோது மருமகன் ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொருட்காட்சி நடக்கிற வளாகத்துக்குள் ஒரு மைதானம், 11,000 பேர் சொச்சம் கொள்ளும். சாக்ரமெண்டோ ரிபப்ளிக் என்று இரண்டாம் டிவிஷன் அணி, எதிரே கான்சாஸ் சிட்டி, எம்.எல்.எஸ். அணி. மேல், கீழ் டிவிஷன் அணிகள் கலந்து ஆடுகிற யு.எஸ். ஓப்பன் கப் போட்டியின் அரையிறுதி. கூடுதல் நேரமும் போய் கோலே இல்லாமல் பெனால்டிக்கு வந்து, 5-4 என்று சாக்ரமெண்டோ ஜெயித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், என் வயதுதான் இருக்கும், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பியர் என் சட்டையெல்லாம் கொட்டியது. அந்த வருடம் அவர்கள் அதற்கு முன்பே சான் ஹோசே, லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி என்று இரண்டு எம்.எல்.எஸ். அணிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஆர்லாண்டோவிடம் 3-0 என்று தோற்றது வேறு விஷயம்.

காரில் வரும்போது கேட்டேன், "அப்போ அடுத்த வருஷம் இவங்க மேலே போயிருவாங்களா மாப்பிள்ளை?" அவர் சிரித்தார். "அதுக்கு ஜெயிச்சாப் போதாது மாமா, வாங்கணும்." 2019-லேயே அந்த ஊருக்கு எம்.எல்.எஸ். இடம் தருவதாக அறிவித்து விழாவெல்லாம் நடந்ததாம். 2021-ல் பெரிய முதலீட்டாளர் பின்வாங்கினார், இடமும் போயிற்று. மைதானத்தில் மூன்று பெரிய அணிகளைச் சாய்த்த கிளப்புக்கு இல்லாத வழி, செக் எழுதுகிறவனுக்கு இருக்கிறது. எனக்கு ஆத்திரமே அங்கேதான்.

இப்போது மாற்றம் வருவது எம்.எல்.எஸ்.ஸிலிருந்து இல்லை, அதற்கு வெளியே. யு.எஸ்.எல். என்கிற இன்னொரு அமைப்பு, சாக்ரமெண்டோ ஆடுகிற அமைப்புதான், மூன்று படிகளாக லீக் அமைத்து 2028-லிருந்து ஏற்றம், இறக்கம் கொண்டுவருவது என்று 2025 மார்ச்சில் அதன் முதலாளிகளே பெரும்பான்மையாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒத்துவராது என்று இங்கே பாளையங்கோட்டையில் எழுதுகிறோம், இறங்கப் போகிறவர்களே சரி என்று கை தூக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் காஸ்மாஸ் பெயரிலும் மறுபடி ஓர் அணி 2026-லிருந்து அதில் கீழ்ப்படியில் ஆடுவதாக அறிவித்திருக்கிறார்கள். பெலே ஆடிய பெயர், இந்தத் தடவை படியேறி வர ஒரு வழியாவது இருக்கும்.

எனக்குச் சந்தேகம் இருக்கிற இடம் வேறு. அங்கே முதல் டிவிஷன் என்று அங்கீகாரம் வாங்க வேண்டுமென்றால் மைதானத்தில் குறைந்தது 15,000 பேர் உட்கார இடம் இருக்க வேண்டும், அணிகளில் முக்கால்வாசி 10 லட்சம் ஜனத்தொகைக்கு மேல் உள்ள நகர வட்டாரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கால்பந்து சம்மேளனத்தின் விதி. இங்கிலாந்தில் போர்ன்மவுத் என்ற கடற்கரை ஊரின் அணி 11,000 பேர் சொச்சம் கொள்ளும் மைதானத்தை வைத்துக்கொண்டு அங்கே முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் வருடக்கணக்காக ஆடுகிறது. அமெரிக்க விதிப்படி அந்த மைதானம் தேறாது. சின்ன ஊர் அணி ஒன்று கஷ்டப்பட்டு ஜெயித்து வாசலில் வந்து நிற்கும்போது, உனக்கு நாற்காலி போதாது என்று திருப்பி அனுப்பினால் ஏற்றம், இறக்கம் என்று பெயர் வைத்து என்ன பிரயோஜனம்? ஏறி வந்தவனுக்கு மைதானத்தைப் பெரிதாக்க நாலு வருடம் அவகாசம் கொடுக்க வேண்டும். விதியைக் கொஞ்சம் தளர்த்தாவிட்டால் இந்த ஏற்பாடு காகிதத்தில்தான் இருக்கும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்தால் நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். லூட்டன் என்ற இங்கிலாந்து அணி 2023-ல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது, 2024-ல் இறங்கியது, 2025-ல் இன்னொரு படியும் இறங்கி மூன்றாம் டிவிஷனுக்குப் போய்விட்டது. தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசம்தான். டி.வி. பணம் என்கிற தண்ணீர் தலைமடையில் இடுப்பளவு ஓடுகிறது, ஒரு படி இறங்கினால் கணுக்கால் நனையாது. அதனால்தான் அங்கே இறங்கிய அணிக்கு மூன்று வருடம் வரை தண்ணீரில் பங்கு விடுகிறார்கள், அதிலும் பிக்கல் பிடுங்கல் இருக்கிறது, பங்கு வாங்காதவன் சண்டைக்கு வருகிறான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தப் பங்கு பிரிப்பை இங்கிலாந்தைவிட எம்.எல்.எஸ். சுலபமாகச் செய்யலாம். அங்கே எல்லாத் தண்ணீரும் ஒரே மதகில் வருகிறது. 2023-லிருந்து எல்லா ஆட்டமும் ஆப்பிள் கம்பெனியின் ஒளிபரப்பில் வருகிறது, பணம் லீக்குக்கு வந்துதான் பிரிகிறது, எல்லா முதலாளியும் ஒரே கம்பெனியில் பங்குதாரர். 30 அணியை 15, 15 ஆக இரண்டு டிவிஷன் ஆக்கி, கீழ் டிவிஷன்காரனுக்கும் பங்குத்தொகை குறையாமல் பார்த்துக்கொண்டால் 50 கோடி கட்டியவன் தெருவுக்கு வந்துவிட மாட்டான். ஒரே கம்பெனியாக இருப்பதுதான் தடை என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கென்னவோ அதுதான் வசதி என்று படுகிறது. செய்ய மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். முடியாது என்பதும் மாட்டேன் என்பதும் ஒன்றில்லை, உங்கள் கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்.

நாம் சிரிக்கவும் வேண்டாம். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக்கை ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஜெயித்தது. தமிழ்நாட்டு அணி இந்திய சாம்பியன், ஆனால் இன்னொரு பெரிய லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) ஏற அப்போது ஏணியே கிடையாது. 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. அதற்கப்புறம்தான் விதி வந்து 2023-ல் பஞ்சாப், 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே போனார்கள், அந்த இரண்டு தடவையும் மேலேயிருந்து ஒருவர்கூட இறங்கவில்லை. ஏன், நாங்கள் ஏறி வந்த மறுவருடமே எங்கள் லீக்கில் கடைசியில் வந்த ஓர் அணி, செல்வாக்குள்ள இடத்து அணி, இறங்கவில்லை. 'இந்த வருடம் அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம்' என்றார்கள் நடத்தியவர்கள். 45 வருடம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐரோப்பிய லீக் புள்ளிப் பட்டியலுக்குக் கால் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சந்தோஷம். நம் மாவட்டத்தில் நடக்கிற லீக் ஆட்டங்களில் கீழ் டிவிஷனின் முடிவு எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று இரண்டு வரி போடுங்கள். ஆள் அனுப்ப முடியாது என்றால் கவலை வேண்டாம், எனக்கு ஓய்வுக் காலம்தான், பஸ்ஸில் போய்ப் பார்த்து எழுதி அன்று சாயந்திரமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். சேம் சைடு கோல் போட்ட பையனின் பெயரை மட்டும் அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்,
கல்லிடைக்குறிச்சி