மரக்கரண்டியும் மஞ்சள் துண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஏஎஃப்எல் என்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீகில் ஆடும் எங்கள் மெல்பர்ன் அணியான ரிச்மண்டைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இரண்டே ஆட்டத்தில் ஜெயித்த அணி, பயிற்சியாளரை உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இருந்த நாலு நல்ல ஆட்டக்காரர்களையும் தாரை வார்த்தாயிற்று, இனியும் மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று முடித்திருந்தார். அந்த ரயிலில் ஏறுகிறவர்களில் நானும் ஒருவன். வேறு வேலை நிறைய இருக்கிறது, சனிக்கிழமை மதியம் மட்டும் இல்லை.

அவர் போட்ட கணக்கில் தப்பு ஒன்றும் கிடையாது. இந்த 2024-ல் 23 ஆட்டம் ஆடி 2-ல் வென்றோம், 21-ல் தோற்றோம், 18 அணிகளில் 18-வதாக வந்தோம். ரிச்மண்டுக்குப் 'புலிகள்' என்று செல்லப்பெயர். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள், எங்கள் புலி இந்த வருடம் புல்லையும் தின்றது, மண்ணையும் கவ்வியது. கடைசி இடத்துக்கு இங்கே 'மரக்கரண்டி' என்று பட்டம். நிஜமாகக் கரண்டி எதுவும் தரமாட்டார்கள், ஆனால் என் அலுவலகத்தில் ஒருவர் கடையில் காசு கொடுத்து ஒன்றை வாங்கிவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். காலிங்வுட் ரசிகர், வேறு யார் செய்வார்கள்? 2023-ல் கோப்பையை வென்ற அவருடைய அணி இந்த வருடம் முதல் எட்டுக்குள்கூட வரவில்லையே என்று அந்த நிமிடமே கேட்டிருக்க வேண்டும், எனக்கு அது மாலை ரயிலில்தான் தோன்றியது. கரண்டி நல்ல கரண்டி, இப்போது எங்கள் வீட்டில் ரசம் கலக்குகிறது.

நான் மெல்பர்னுக்கு வந்தது 2014-ல். ரிச்மண்ட் பக்கம் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, சென்னை சூப்பர் கிங்ஸ் பார்த்து வளர்ந்தவனுக்கு மஞ்சள் நிறம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். விதிகள் புரியவே ஒரு வருடம் ஆயிற்று. நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு புள்ளி, தப்பாக உதைத்தவனுக்கும் ஆறுதல் பரிசு தருகிற விளையாட்டு உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? அப்புறம் 2017 வந்தது. 37 வருடக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பை. அன்றிரவு ரிச்மண்டின் ஸ்வான் தெருவில் நடக்க இடமில்லை, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார், நானும் எதற்கென்று தெரியாமல் அழுதேன். 2019-ல் இன்னொன்று, 2020-ல் இன்னொன்று. 2020-ல் ஊரடங்கு, இறுதி ஆட்டமே பிரிஸ்பனில்தான் நடந்தது, வீட்டுக்குள் இருந்தபடி குக்கர் மூடியைத் தட்டிக் கொண்டாடினோம்.

நான்கு வருடத்தில் மூன்று கோப்பை வாங்கியவன் பிறகு ஒருநாள் பில் கட்டித்தான் ஆக வேண்டும். இந்த லீக் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு மொத்தமாக ஓர் உச்சவரம்பு, பணம் இருக்கிறது என்று யாரும் எல்லாரையும் வளைத்துப் போட முடியாது. வருடக் கடைசியில் டிராஃப்ட் நடக்கும், நாடு முழுவதும் பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. மேலே இருப்பவனை இறக்குவதும் கீழே இருப்பவனை ஏற்றுவதும்தான் திட்டம். நமக்கு மூன்று முறை பழம் கிடைத்தது, அதே மூன்று வருடமும் நல்ல விதை நமக்கு முன்னால் இருந்தவர்கள் கைக்குப் போய்விட்டது.

என் கோபம் பயிற்சியாளர் ஆடம் யேஸ் மேல் இல்லை, 2022 கடைசியில் எடுத்த முடிவின் மேல்தான். அணிக்கு வயதாகிவிட்டது என்பது மைதானத்தின் மேல் தளத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கே தெரிந்தது. அப்போதே பையன்களை வைத்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு இன்னும் ஒரு கோப்பை வாங்கிவிடலாம் என்ற ஆசையில் ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணியிலிருந்து டரான்டோ, ஹாப்பர் என்ற இரண்டு ஆட்டக்காரர்களை ஏழேழு வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள், அதற்கு விலையாக டிராஃப்டில் நமக்கு இருந்த நல்ல இடங்களையும் அடுத்த வருடத்து முதல் சுற்று இடத்தையும் கொடுத்தார்கள். அடுப்பு அணைகிறதே என்று வாசல் நிலையை உருவி விறகாக வைத்த கதைதான். டரான்டோ மேல் குறை சொல்ல மாட்டேன், 2023-ல் அணியின் சிறந்த ஆட்டக்காரர் விருதே அவருக்குத்தான். ஆனால் அதே 2023 மே மாதம், சீசன் பாதிகூடத் தாண்டவில்லை, மூன்று கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக் களைத்துவிட்டேன் என்று சொல்லிக் கிளம்பினார், சில மாதத்தில் கோல்ட் கோஸ்ட் அணியின் பயிற்சியாளர் ஆனார். (களைப்பு அங்கே கடற்கரைக் காற்றில் தீர்ந்திருக்கும்.) அந்த வருடக் கடைசியில் பழைய தூண்களான காட்சினும் ஜாக் ரீவோல்ட்டும் ஓய்வு பெற்றார்கள். யேஸ் வந்து அலமாரியைத் திறந்தபோது உள்ளே பாத்திரங்கள் இருந்தன, பண்டம் இல்லை.

2024-ன் முதல் ஆட்டமே ஹார்ட்விக்கின் கோல்ட் கோஸ்டோடு, அவர்கள் ஊரில். தோல்வி. அடுத்தது கார்ல்டன், 5 புள்ளியில் தோல்வி. ஈஸ்டர் ஞாயிறு அன்று சிட்னியை அதே 5 புள்ளியில் வென்றோம், அந்த சிட்னிதான் கடைசியில் பட்டியலில் முதலிடம் பிடித்து இறுதி ஆட்டம் வரை போனது என்பதைக் கடிதம் எழுதிய வாசகர் கவனிக்கவும். இரண்டாவது வெற்றி ஜூனில் அடிலெய்டில். அதாவது மெல்பர்னில் இருக்கிற நாங்கள், ஜெயித்தால் மட்டும் போடுகிற எங்கள் கிளப் பாட்டை இந்த வருடம் மைதானத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்டோம். என் மகளுக்கு ஒன்பது வயது. அன்று அவளுக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தாள். மற்ற நாளெல்லாம் வந்தாள்.

இடையில் காயங்கள். கிப்கஸ், நெய்ஸ்மித், லெஃபாவ் என்று முழங்கால் தசைநார் அறுந்து ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள், முன்வரிசைத் தூண் டாம் லின்ச் ஆடியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கட்டத்தில் ஆட்ட விவரத் தாளைப் பார்த்தால் பாதிப் பெயர் எனக்கே புதிது. இந்த நிலையில் இருக்கிற அணியை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சியாளரை முதல் வருடத்திலேயே எடைபோடுவது என்ன நியாயம் என்று அந்த வாசகரைக் கேட்கிறேன். மாவே இல்லாமல் தோசை ஊற்றச் சொல்லிவிட்டு வட்டமாக வரவில்லை என்று குறை சொல்வதா?

என் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி உட்காருவார். எழுபது தாண்டியவர், கையால் பின்னிய மஞ்சள் கறுப்புத் துண்டு, ஃபிளாஸ்க்கில் தேநீர், காதில் சின்ன ரேடியோ. நாங்கள் டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோவோம், முதல் வருடம் ஓரக்கண்ணால் பார்த்தார், இரண்டாம் வருடம் வறுவலைக் கேட்டு வாங்கினார், இப்போது நாங்கள் ஊறுகாயை மறந்தால் கோபிக்கிறார். ஜூலையில் ஒரு ஆட்டம், மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள்ளேயே எங்களைச் சுற்றி இருக்கைகள் காலியாகிவிட்டன, நானும் டப்பாவை மூடிப் பையில் வைக்கப் போனேன். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "1990-ல் இந்தக் கிளப்பே மூடப்போகிறது என்று தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு தெருவில் நின்றவள் நான், ஒரு தோல்விக்கு எழுந்து போகிறாயே" என்றார். 1990-ல் கடனில் மூழ்கிய கிளப்பைக் காப்பாற்ற ரசிகர்கள் பத்து லட்சம் டாலர் திரட்டிய கதையை நான் படித்திருக்கிறேன், டப்பா குலுக்கிய கையை அன்றுதான் பார்த்தேன். சைரன் அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். தோற்றோம், அது வேறு.

ஜூன் 15-ஐப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியே பிரயோஜனம் இல்லை. டஸ்டின் மார்ட்டினின் 300-வது ஆட்டம். எதிரே ஹாதார்ன். பட்டியலின் அடியில் கிடக்கிற அணியின் ஆட்டத்துக்கு எம்சிஜியில் (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) 92,311 பேர். கிளேட்டனில் ரயில் ஏறும்போதே நிற்க இடமில்லை, ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் பாதிப் பேர் முதுகில் 4-ஆம் எண். டஸ்டியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் தருவார்கள், அதை மூன்று முறை வாங்கிய ஒரே ஆள் இவர்தான், நாம் கோப்பை வாங்கிய அந்த மூன்று முறையும். பேட்டி கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது யாராவது பிடிக்க வந்தால் ஒரு கையை நீட்டி நெஞ்சில் வைத்து அப்படியே நகர்த்திவிட்டுப் போவார், அதற்கு இங்கே 'டோன்ட் ஆர்க்யூ' என்று பெயர். என் மகள் வீட்டில் பால் குடிக்கச் சொன்னால் அதைத்தான் செய்கிறாள்.

அன்று 48 புள்ளியில் தோற்றோம். ஆட்டம் கையைவிட்டுப் போய் வெகுநேரம் ஆகியும் அவரிடம் பந்து போகும் ஒவ்வொரு தடவையும் மொத்த மைதானமும் எழுந்தது, ஹாதார்ன் ரசிகர்களும்தான். ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார், 302 ஆட்டத்தோடு சரி.

கடைசிச் சுற்றில் மறுபடி கோல்ட் கோஸ்ட், மறுபடி ஹார்ட்விக், மறுபடி தோல்வி. அன்று எங்கள் ஆட்டக்காரர்கள் கிரைம்ஸும் மார்லியன் பிக்கெட்டும் விடைபெற்றார்கள். பிக்கெட் தன் முதல் ஆட்டத்தையே 2019 இறுதி ஆட்டத்தில் ஆடியவர், அந்தக் கதையை வேறொரு நாள் எழுதுகிறேன்.

சரி, தாரை வார்த்தாயிற்று என்று அந்த வாசகர் சொன்ன நாலு பேர் விஷயம். ஷாய் போல்டன் ஃப்ரீமேன்டலுக்கும், லியம் பேக்கரும் ஜாக் கிரஹாமும் வெஸ்ட் கோஸ்டுக்கும், டேனியல் ரியோலி கோல்ட் கோஸ்டுக்கும் போய்விட்டார்கள். போல்டனும் பேக்கரும் மேற்கு ஆஸ்திரேலியப் பையன்கள், சொந்த ஊருக்குப் போகிறார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாமல் இங்கே கிடக்கிற நான் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்? ரியோலி போனதுதான் நெஞ்சில் முள். இந்த வருடம் அணியின் சிறந்த ஆட்டக்காரர் அவர், மூன்று கோப்பையிலும் இருந்தவர், போனதும் எங்கே, ஹார்ட்விக்கிடம். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், நம்ப வேண்டாம், ஒரு நாள்தான். ஆனால் கிளப் செய்தது சரி. 2024 டிராஃப்டில் முதல் இடம் உட்பட முதல் 24-க்குள் எட்டு இடங்கள் நம் கைக்கு வந்தன. 2022-ல் செய்யத் துணியாததை இரண்டு வருடம் தள்ளி, கரண்டி வாங்கிய பிறகாவது செய்திருக்கிறார்கள்.

2020-ல் சென்னை அணி முதன்முறையாக பிளே ஆஃபுக்குப் போகாதபோது தோனியை வயதானவர் என்று திட்டியவர்கள் 2021-ல் கோப்பையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டதை நாம் பார்த்தோம். இங்கே அவ்வளவு சீக்கிரம் நடக்காது. அந்த இடங்களில் வருகிற பையன்கள் தாடி வளர்ந்து, உடம்பு தேறி, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள நாலைந்து வருடம் பிடிக்கும். அடுத்த வருடமும் அடியில்தான் கிடப்போம் என்று நினைக்கிறேன், ஆறு ஆட்டம் ஜெயித்தால் நான் தெருவுக்கே கேசரி தருகிறேன். அடுத்த வருடத்துக்கான உறுப்பினர் கட்டணத்தைப் போன செவ்வாய்க்கிழமையே கட்டிவிட்டேன், எனக்கும் மகளுக்கும். பாட்டி பக்கத்து இருக்கைதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம் கொடுக்கிறீர்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மார்ச்சில் சீசன் ஆரம்பிக்கும்போது கீழே ஒரு மூலையில் ரிச்மண்ட் ஸ்கோரையும் போடுங்கள். தோற்ற ஸ்கோரானாலும் போடுங்கள், பழகிவிட்டது.

இப்படிக்கு,
4-ஆம் எண் சட்டையை இன்னும் துவைக்காத ஒரு வாசகன்,
கிளேட்டன், மெல்பர்ன்