முத்துப்பேட்டை லகூனைக் கோடையில் தூர்வாருங்கள்: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். காவிரிப் பாசனத்தின் கடைமடையில் வெள்ளத் தடுப்புப் பணிகளைப் பார்க்கும் பொறியாளர்களுக்கும், அலையாத்திக் காட்டைக் காக்கும் வன அலுவலர்களுக்கும், இந்த இரண்டு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கும் இந்த மடல். பாமணியாறு, கோரையாறு, கந்தபரிச்சானாறு, கிளைதாங்கியாறு, மரைக்கா கோரையாறு எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன, அங்கே தண்ணீர் ஏன் தேங்கி நிற்கிறது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரைபடமும் உங்களிடம் இருக்கிறது, குறைதீர் கூட்டங்களில் கொடுத்த மனுக்களும் உங்களிடம் இருக்கின்றன.

கேட்பது ஒன்றுதான். இந்த ஐந்து ஆறுகளும் வந்து சேரும் ஆழமற்ற உப்பங்கழியான லகூனையும், அது கடலோடு கலக்கும் முகத்துவாரத்தையும் தூர்வாருங்கள். அந்த வேலையைப் பங்குனியில் தொடங்கி ஆனிக்குள் முடித்துவிடுங்கள். அள்ளிய சேற்றை அலையாத்திக் காட்டிலும் சேற்றுத்திட்டிலும் கொட்டாதீர்கள்.

கடைமடை வயலில் கார்த்திகை மாதம் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்காகவே சொல்லிவிடுகிறோம். ஆயிரம் ஹெக்டேர் சம்பாவில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது 30 லட்சம் கனமீட்டர். தூர் கட்டும் பருவத்துப் பயிர் முழுக்க மூழ்கி ஒரு வாரம் கிடந்தால் குருத்து அழுகிவிடும். ஆகவே மூன்று நாளுக்குள் வடிய வேண்டும். ஆனால் வடிகால் நாள் முழுக்க ஓடுவதில்லை. பாக் நீரிணையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. ஏற்றத்தில் வடிகாலின் கதவை அடைக்க வேண்டும், இறக்கத்தில் திறக்க வேண்டும். கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி நேரம். அந்தப் பாதி நேரத்தில் 30 லட்சம் கனமீட்டரைக் கடத்த நொடிக்கு 23 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 820 கனஅடி ஓட வேண்டும். இது வெறும் ஆயிரம் ஹெக்டேருக்கு. மேலிருந்து ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்தத் தண்ணீர் போக வேண்டிய வழியில்தான் லகூன் இருக்கிறது. அதன் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். இங்கே ஓதத்தின், அதாவது கடல் மட்டத்தின், ஏற்ற இறக்கம் அரை மீட்டரை ஒட்டியது. வயலுக்கும் லகூனுக்கும் உள்ள மட்ட வித்தியாசம் சாண் கணக்கில் இருக்கும்போது, முகத்துவாரத்தில் ஒரு முழம் மேடிட்டால் போதும், ஓட்டம் செத்துவிடும். ஐந்து ஆறுகளின் தண்ணீரும் பின்வாங்கி, தில்லைவிளாகம், ஜாம்பவானோடை, இடும்பாவனம் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் வந்து படுத்துக்கொள்ளும். வயல்காரர் மடையை வெட்டிவிடுவார்; வெட்டிய மடை வழியாக வடிகால் தண்ணீர் உள்ளே வரும். நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது பயிர் கறுத்துப் போயிருக்கும். நடவுக்கூலி, விதை, உரம் எல்லாம் போன பிறகு கிடைக்கிற தொகை மறு நடவுக்குக்கூடக் காணாது. இதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எங்கள் மனதை அறுக்கிறது.

வயல் மூழ்கிய பிறகு அவசரமாகப் பொக்லைனை இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். கரையில் நிற்கும் சாதாரண பொக்லைனின் கை ஒன்பது பத்து மீட்டருக்கு மேல் எட்டாது. ஆகவே அது ஓரத்தைத்தான் அள்ளும். நடு ஓடை, மேடு கட்டிய இடம், அப்படியே கிடக்கும். அள்ளிய சேற்றை அது எட்டும் தூரத்தில்தான் போட முடியும், அதாவது அதே கரையில். அடுத்த மழையில் அந்தச் சேறு கரைந்து அதே ஓடையில் இறங்கும். பணம் செலவாகிவிடும், ஆழம் கிடைக்காது.

கரையில் போட்ட சேற்றுக்கு அடியில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களால்தான் மூச்சு விடுகிறது. அவற்றின் மேல் ஓர் அடி சேறு விழுந்தால் மரம் உடனே சாகாது. இலை மஞ்சளித்து, கிளை காய்ந்து, மெல்லச் செத்துப்போகும். தூர்வாரியதால்தான் செத்தது என்று அப்போது எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. காற்றுப் படாமல் நீருக்கடியில் கிடந்த அலையாத்திச் சேற்றில் கந்தகம் கலந்திருக்கிறது. மேலே கொட்டி வெயிலில் காய்ந்தால் அது அமிலமாக மாறும். மழையில் அந்த அமிலம் வழிந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் ஓடைக்குள்ளேயே இறங்கும்.

அதே கரைதான் நீர்நாய்க்கு வீடு. ஆற்றங்கரை மண்ணில், வேர்களுக்கு இடையில் வளை தோண்டி, மழைக்காலத்திலும் அதை அடுத்த பனிக்காலத்திலும் அது குட்டி போடுகிறது. பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது, நீந்தவும் தெரியாது. கார்த்திகையில் கரை மேல் பத்து டன் சேற்றைக் கொட்டினால் தாய் தப்பும், குட்டிகள் மூடுண்டுவிடும். நீர்நாய் வலையைக் கிழிக்கிறது என்று கோபப்படும் மீனவர்கள் எங்களிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் அது உலக அளவில் அழியும் ஆபத்துக்கு உள்ளான உயிர் என்பதும், 2022இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். வளை இருக்கும் கரையைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும் பழக்கம் அதற்கு உண்டு. மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சக் குவியலைக் கண்டால், அந்த இடத்தைக் கொடி நட்டு ஒதுக்கிவிட்டு மற்ற இடத்தில் வேலை பார்க்கலாம்.

பறவைகளுக்கு வேறு கணக்கு. வடக்கிலிருந்து புரட்டாசி வாக்கில் வரும் உள்ளான்கள் பங்குனி வரை இங்கே தங்குகின்றன. மூக்கு வளைந்த சிறு உள்ளான் போன்றவை விரல் நீளத் தண்ணீரில், வெளியே தெரியும் சேற்றில்தான் இரை எடுக்கும். சேற்றுத்திட்டின் மீது மண்ணைக் கொட்டி இரண்டடி உயர்த்திவிட்டால் அது அவற்றுக்குச் சோறில்லாத தரை. அந்த உள்ளான் இனத்தையே 2024இல் ஆபத்துப் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்ற வேண்டியதாகிவிட்டது. கோடியக்கரையோடு முத்துப்பேட்டைக் காட்டையும் சேர்த்துத்தான் 2002இல் 38,500 ஹெக்டேரை ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்தார்கள். அந்தப் பெயர்ப்பலகைக்கு உரிய கவனத்தைத்தான் கேட்கிறோம்.

கடலுக்குள்ளும் பார்க்க வேண்டியது இருக்கிறது. தஞ்சை, புதுக்கோட்டை கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் அரசு அறிவித்தது. அது நம் முகத்துவாரத்துக்கு மேற்கே, அதிராம்பட்டினம் பக்கத்திலேயே தொடங்குகிறது. முகத்துவாரத்தில் கலக்கும் சேறு கடற்புல் மேல் படிந்தால் புல்லுக்கு வெளிச்சம் எட்டாது. புல் அழுகும், கடற்பசுவுக்கு மேய்ச்சல் போகும். அதனால்தான் முகத்துவாரத்தில் கரைப் பொக்லைன் வேண்டாம், மிதவையில் நின்று உறிஞ்சும் சிறிய டிரெட்ஜர் வேண்டும் என்கிறோம். அதைச் சுற்றிச் சேறு தடுக்கும் துணித்திரை கட்ட வேண்டும். உறிஞ்சிய சேற்றைக் குழாய் வழியாகக் காட்டுக்கு வெளியே, நான்கு பக்கமும் வரப்புக் கட்டிய தொட்டியில் இறக்கி, தண்ணீர் தெளிந்த பிறகே வடிக்க வேண்டும். கைவிட்ட இறால் பண்ணைக் குட்டைகளில் இதற்கு ஏற்றவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எவ்வளவு ஆழம்? இங்கேதான் விவசாயிகளான எங்களில் பலருக்கே ஒரு தவறான எண்ணம் இருந்தது. கடலுக்கு நேராக, ஆழமாக ஒரே வெட்டு வெட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்று நினைத்தோம். அது தீராது. ஒரு முகத்துவாரம் தானே திறந்திருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு ஓதத்திலும் அதன் வழியாக உள்ளே போய் வெளியே வரும் தண்ணீரின் அளவு. அந்த அளவு தாங்குவதைவிடப் பெரிய வாயை வெட்டினால் ஓட்டம் தளர்ந்து, ஓரிரு பருவத்தில் மணல் அதை நிரப்பிவிடும். அதற்குள் கோடையில், ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில், அதே ஆழமான வெட்டு உப்பு நீரைக் கிணற்றடி வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். பழைய ஓடையின் வளைவோடு, அகலமாகவும் ஆழம் குறைவாகவும் போகும் வழியே நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. லகூனுக்குள் தண்ணீர் புழங்கும் பரப்புக் கூடினால் முகத்துவாரத்தில் ஓட்டமும் கூடும். அந்தப் பரப்பைக் கூட்டும் வழி காட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளையர் காலத்திலிருந்து கூறு கூறாக மரத்தை வெட்டியதில் நிலம் தாழ்ந்து, பள்ளங்களில் கடல் நீர் தேங்கி, காய்ந்து, உப்பு முற்றி, எதுவும் முளைக்காமல் கிடந்தது. மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி அந்தப் பள்ளங்களுக்கு ஓதத்தைக் கொண்டுபோன பிறகுதான் அலையாத்தி மறுபடி முளைத்தது. நடுவே ஒரு முதன்மைக் கால்வாய், அதிலிருந்து 45 பாகைச் சாய்வில் இரு பக்கமும் கிளைகள். மேலே அகன்று அடியில் குறுகிய வெட்டு, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம். இவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர்ந்துவிடும். ஆட்களை வைத்துக் கையால் வாரினாலே போதும். இந்தக் கால்வாய்கள் திறந்திருந்தால் காடு பிழைக்கும், முகத்துவாரமும் தன்னைத் தானே வாரிக்கொள்ளும். வெள்ளத் தடுப்புக்கான பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது காட்டுக்குச் செய்யும் தானம் ஆகாது, அது வயலுக்கான வேலைதான்.

கதவுகளைப் பற்றிச் சுருக்கமாக. கடைமடை ரெகுலேட்டர்களில், அதாவது ஆற்றின் குறுக்கே உள்ள மதகுகளில், ஷட்டரை நாளுக்கு நான்கு முறை ஏற்றி இறக்க ஆள் வேண்டும், திருகு துருப்பிடிக்காமல் கிரீஸ் வேண்டும். இரண்டும் முடியாத இடத்தில், உள் நீர் தள்ளினால் திறந்து கடல் நீர் தள்ளினால் மூடிக்கொள்ளும் மடிப்புக் கதவைப் பொருத்துங்கள். எல்லாக் கதவையும் ஒரேயடியாக இறக்கி மாதக்கணக்கில் அடைத்தால் கொடுவா, மடவை மீன்களும் இறால் குஞ்சும் மேலேற முடியாது. அவற்றைத் தின்னும் நீர்நாயும் சாலையில் ஏறிக் கடந்து அடிபடும். மதகின் ஓரத்துக் கதவில் ஒரு சாண் இடைவெளி விட்டாலே வழி கிடைக்கும். லகூனில் ஒன்று, ஒவ்வொரு ரெகுலேட்டரின் இரு பக்கமும் ஒவ்வொன்று என்று நீர்மட்ட அளவுகோல் நட்டு, காலை மாலை அளவை எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். எந்த மட்டத்தில் எந்தக் கதவு திறக்கும் என்பதும் அதே பலகையில் இருக்கட்டும்.

முன்மாதிரி இல்லாத வேலையைக் கேட்கவில்லை. ஒடிசாவின் சிலிகா ஏரியில் முகத்துவாரம் தூர்ந்து மீன்வளம் சரிந்தபோது, புனேயிலுள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் மாதிரி அமைத்துப் பார்த்த பிறகுதான் இடத்தை முடிவு செய்தார்கள். 2000 செப்டம்பரில் புது வாய் திறந்தது. 1993இல் ஆபத்திலுள்ள ராம்சார் தலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்த அந்த ஏரி 2002இல் அதிலிருந்து வெளியே வந்தது. அங்கே செய்ய முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு ஒரு துறைக்கு, காடு ஒரு துறைக்கு, கடல் வேறொரு துறைக்கு. வெள்ளம் வந்தால் காட்டுக்குள் இயந்திரம் போக அனுமதி இல்லை என்று ஒரு பதில்; காடு செத்தால் அது வெள்ள வேலையில் நடந்தது என்று இன்னொரு பதில். தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்து அலையாத்தி மரங்களை மொட்டையடித்தபோதும் இந்த எல்லைகளைப் பார்த்து வரவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் விவசாயியையும் காட்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். பயிருக்கும் நீர்நாய்க்கும் ஒத்துவரும் மாதங்கள் ஆண்டில் மூன்று நான்கு இருக்கின்றன. அவை வீணாகப் போகின்றன.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கும் வன அனுமதிக்கும் மாதங்கள் பிடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் விண்ணப்பம் இந்தத் தை மாதமே போக வேண்டும் என்கிறோம். பங்குனியில் பறவைகள் கிளம்பிவிடும், நீர்நாய்க் குட்டிகள் நீந்தப் பழகியிருக்கும், ஆற்றில் ஓட்டம் இருக்காது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாள் ஆகும். அதற்குள் வேலை முடிந்துவிடலாம்.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். பங்குனி முதல் ஆனிக்குள் தூர்வாருங்கள், சேற்றைக் காட்டிலும் திட்டிலும் கொட்டாதீர்கள், எங்கே எவ்வளவு ஆழம் எடுக்கப்போகிறீர்கள் என்பதை ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே தமிழில் வெளியிடுங்கள். நீர்வளப் பொறியாளரும் வன அலுவலரும் சேர்ந்து வரும் ஒரு நாளைச் சொன்னால் போதும். தாழ்நீர் நேரம் பார்த்துத் தோணி கட்டிவைக்கிறோம். எங்கே மேடு, எங்கே பழைய ஓடை, எந்தக் கரையில் வளை என்பதைக் கழி ஊன்றிக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
முத்துப்பேட்டை கடைமடை விவசாயிகளும் லகூன் மீனவர்களும்