அந்துருண்டை விஷயம்

மயிலாப்பூர்,
சென்னை

அன்புள்ள வசந்தி,

நல்லா இருக்கியா? அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கோமதி சொன்னா. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம்.

போன்ல சொன்னா பாதியிலயே "சரி சரி"ன்னு வச்சுடுவ, அதான் எழுதறேன். தை மாசம் உன் மருமகளுக்குப் பிரசவம். அதுக்குள்ள உன் வீட்டு பீரோ, பரண், டிரங்குப் பெட்டி எல்லாத்துலயும் கிடக்கிற அந்துருண்டையை ஒண்ணு விடாம வெளியில எடுத்துடு. வாஷ் பேசின்ல போடற உருண்டையையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

என் பேரன், நித்யா பையனுக்கு மஞ்சள் காமாலை வந்து விளக்கு வெளிச்சத்துல வச்சிருந்தாங்கன்னு உனக்குத் தெரியும். ஏன்னு அப்போ சொல்லலை. ரத்தத்தைப் பரிசோதிச்சுப் பார்த்து ஜி6பிடி குறைபாடுன்னாங்க. சிவப்பணுவைக் காப்பாத்தற ஒரு என்சைம் அவனுக்குக் கம்மி. அம்மா வழியா வர்றது, ஆம்பளைப் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம் வரும். மத்தபடி பிள்ளை சாதாரணமாத்தான் வளருவானாம். ஆனா சில மருந்தோ சில பொருளோ பட்டா சிவப்பணு மளமளன்னு உடைஞ்சுடும். டாக்டர் முதல்ல கேட்ட கேள்வியே, "வீட்ல அந்துருண்டை போடுவீங்களாம்மா?"ங்கிறதுதான்.

எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. எங்க அம்மாவோட பழைய நூல் புடவை ரெண்டு, துவைச்சுத் துவைச்சுப் பூ மாதிரி ஆனது, இந்தக் குழந்தையைப் போர்த்தணும்னே பீரோவுல வச்சிருந்தேன். உங்க வீட்லயும் அப்படி ஏதாவது வேட்டி, புடவை எடுத்து வச்சிருப்ப. பொறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதுன்னு எல்லா வீட்லயும் பழந்துணிதான். அந்தத் துணிதான் வருஷக்கணக்கா உருண்டையோட கிடக்குது.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். போடும்போது கோலிக்குண்டு அளவு இருந்த உருண்டை, மடிப்புக்குள்ள மிளகளவுக்குத் தேஞ்சு கிடந்துது. மீதி எங்கடி போச்சு? அந்துருண்டைங்கிறது நாப்தலின், உருகாம நேரா ஆவியா போற சரக்கு. துணிக்குள்ள போச்சு, அறைக் காத்துல கலந்துது, அதைத்தான் நாம மூச்சுல இழுத்துக்கிட்டிருந்தோம். அம்மா புடவையைக் குழந்தைக்கு எடுக்கவே இல்லை. மொட்டை மாடிக் கொடியில காத்தாடக் கிடக்குது. கோமதி வீட்ல உருண்டையே போடறதில்லைங்கிறதால அவகிட்டப் பழந்துணி வாங்கிக்கிட்டேன்.

அதோட நிக்கலை. பாத்ரூம் அலமாரியில இருந்த ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில் அத்தனையையும் நிறுத்திட்டேன். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒண்ணா சேர்ந்தா குளோரின் வாயு வரும். நாம படிச்சப்போ லூர்து மிஸ் லேப்ல ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுக் காட்டினாங்களே, அதே வாயு. நம்ம வீட்டு வேலைக்கு வர்ற பெண்கள் அதைக் கதவைச் சாத்தின பாத்ரூம்ல சுவாசிக்கிறாங்க. நார்வேல பெர்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க 6,000 பேருக்கு மேல 20 வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2018ல எழுதியிருக்காங்க. துப்புரவு வேலை பார்த்த பெண்களுக்கு நுரையீரல் பலம் மத்த பெண்களைவிட வேகமா குறையுதாம். எங்க செல்வி சதா இருமிக்கிட்டே வேலை பார்ப்பா. அவளுக்கும் சேர்த்துத்தான் இந்த முடிவு.

இப்போ தரைக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணிதான். கச்சேரி ரோடு டப்பா செட்டிக் கடையில வாங்கினேன். கொட்டையை நீக்கிட்டுத் தோலை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில கொதிக்க வச்சு வடிகட்டணும். எங்க போர் தண்ணியில சோப்பு திரிதிரியா போய் அழுக்கோட ஒட்டிக்கும், இது அப்படித் திரியாது. ஆனா சீக்கிரம் கெட்டுடும், ஃபிரிட்ஜ்லதான் வைக்கணும். கண்ணுல பட்டா எரியும். அடுப்படிப் பிசுக்குக்கு வெந்நீர்ல வாஷிங் சோடா. குழாய்ல படியற வெள்ளை உப்புக்கு வினிகர்ல நனைச்ச துணியைச் சுத்தி வச்சா போதும், அது சுண்ணாம்புதானே, கரைஞ்சுடும். அதே காரணத்துக்காகத்தான் மொசைக் தரையிலயும் கடப்பா மேடையிலயும் வினிகர், எலுமிச்சை எதுவும் படக் கூடாது. கல்லையே அரிச்சுப் பளபளப்பைக் கெடுத்துடும்.

நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்தா நுரை பொங்கறது அழகாத்தான் இருக்கு. பொங்கி முடிஞ்சதும் மிஞ்சறது ஏதோ உப்புத் தண்ணி! அமிலமும் காரமும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டா அழுக்கை எது எடுக்கும்? அமிலம்-காரம் பாடத்துல தொண்ணூத்தெட்டு வாங்கினவ இதைப் போய் பத்துப் பேருக்கு அனுப்பறியே! லூர்து மிஸ் இருந்திருந்தா உன்னை பெஞ்சு மேல ஏத்தியிருப்பாங்க.

இன்னொண்ணு. இயற்கைப் பொருள்னா பயமில்லைன்னு உன் நாத்தனார் சொல்லுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டு உருண்டைக்குப் பதிலா கற்பூரம் வைக்காதே. குழந்தை வாயில போட்டா வலிப்பு வந்துடும். பட்டுப்புடவைக்கு நான் வசம்பை மூட்டை கட்டி மேல் தட்டுல வச்சிருக்கேன். அது புடவைக்கு மட்டும்தான், உரசி நாக்குல தடவறதெல்லாம் வேண்டாம். மருதாணியும் இந்தக் குறை உள்ள குழந்தைக்கு ஆகாது. எங்க சம்பந்தி ஆசையா அரைச்சு எடுத்துட்டு வந்தாங்க. எப்படியோ மனசு நோகாம சொல்லி நிறுத்தினோம்.

உன் மருமகளுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வை, குழந்தை பொறந்ததும் குதிகால்ல ரத்தம் எடுத்துச் செய்யற பரிசோதனையில ஜி6பிடியும் இருக்கான்னு. இல்லைன்னா அதையும் தனியா எழுதித் தரச் சொல்லு. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது.

அன்புடன்,
சரோஜா