ஸ்லைடு காட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். அடுத்த கூட்டத்தில் பேசுகிறவர்கள் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் இணைத்ததும், விண்டோஸ் கீயையும் பி (P) எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பட்டியலில் டூப்ளிகேட் வேண்டாம், எக்ஸ்டெண்ட் போதும். டூப்ளிகேட்டில் நீங்கள் பார்ப்பதெல்லாம் சபையும் பார்க்கும். மேக் என்றால் டிஸ்ப்ளேஸ் பகுதியில் மிரர் (அதாவது டூப்ளிகேட்) ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஷோ டேபில் 'யூஸ் பிரசென்டர் வியூ' டிக் ஆகியிருக்க வேண்டும். எஃப்5 தட்டினால் பெரிய திரையில் ஸ்லைடு மட்டும் போகும். உங்கள் முன்னால் குறிப்புகள், அடுத்த ஸ்லைடு, ஓடும் நேரம் எல்லாம் இருக்கும். சில சமயம் இது அப்படியே மாறி வந்து, நாம் எழுதி வைத்த குறிப்பைச் சபையே வாசித்துக்கொண்டிருக்கும்! பதற வேண்டாம். மேலே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஸ்வாப்' என்று ஒன்று இருக்கிறது, ஒரே கிளிக்.

பவர்பாயின்ட் போலவே ஸ்லைடு காட்டும் மென்பொருளான லிப்ரெஆபீஸ் இம்ப்ரெஸிலும் இதே வசதி பிரசென்டர் கன்சோல் என்ற பெயரில் உண்டு.

நடுவில் யாராவது பழைய ஸ்லைடைக் கேட்டால் ஒவ்வொன்றாகப் பின்னால் போகாதீர்கள், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். 12 என்று தட்டி எண்டர் கொடுத்தால் நேரே 12-வது ஸ்லைடு. பேச்சு மட்டும் போதும் என்கிற இடத்தில் பி (B) அழுத்தினால் திரை கறுப்பாகும், மறுபடி அழுத்தினால் திரும்பும்.

வீட்டில் இரண்டாவது திரை இல்லாதவர்கள் ஆல்ட் கீயுடன் எஃப்5 அழுத்திப் பழகலாம். கூட்டத்தன்று நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, 15 நிமிடம் முன்னதாக வாருங்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.