தண்ணீர் போன வழி

பட்டர்வொர்த், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அம்மாவும் பாப்பாவும் நலமாக இருக்க நம்ம நாமக்கல் ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் போனில் "அந்த ஜப்பான் வேனுக்கு என்னதான்டா ஆச்சு?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா படித்துக் காட்டட்டும். எஞ்சின் விஷயம் வரும் இடத்தில் மட்டும் வேகமாக ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அம்மாவுக்கு முதலில் ஒரு வரி: நன்றாகச் சாப்பிடுகிறேன். காலையில் எதிர்த்த மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும். இங்கே காலையில் பார்ப்பவர்கள் "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். வந்த புதிதில் அந்த வார்த்தையைக் கேட்டாலே பாதி வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். லீவு நாளில் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் போய், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிறேன். நான் வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி அண்ணன் இங்கேயே பிறந்தவர், அவர் தாத்தா தோட்ட வேலைக்கு வந்தவர். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. போதுமா அம்மா?

சரி, வேன். மாஸ்டா போங்கோ ஃப்ரெண்டி என்று பெயர். 1995-லிருந்து 2005 வரை ஜப்பானில் செய்தார்கள். பின்னால் மடக்குப் படுக்கை, சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி. ஒரு பட்டனை அழுத்தினால் கூரையே மோட்டாரில் மேலே எழும்பும், அதற்குள் இரண்டு பேர் படுக்கலாம். எஞ்சின் முன் சீட்டுகளுக்கு அடியில், நம்ம மாருதி ஆம்னி மாதிரி. 2.5 லிட்டர் டர்போ டீசல். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், நம்ம ஊரில் 2003-ல் வந்த முதல் ஃபோர்டு எண்டவர் இருக்கிறதே, அதற்குள் இருந்ததும் இந்த எஞ்சின் வகைதான். இங்கே பழைய ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பிலும் அதே. அதனால் பெல்ட், ஃபில்டர் எல்லாம் சுலபமாகக் கிடைக்கிறது. கிடைக்காததற்கு ஹாஃப் கட் கடை இருக்கிறது. ஜப்பானில் பழைய வண்டியைப் பாதியாக வெட்டி, முன்பக்கத்தை எஞ்சினோடு கன்டெய்னரில் ஏற்றி அனுப்புகிறார்கள். வரிசையாக முகம் மட்டும் நிற்கும். நீங்கள் ஒருநாள் அந்தக் கடைக்குள் நுழைந்தால் சாயங்காலம் வரை வெளியே வரமாட்டீர்கள்.

வேனுக்குச் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். "1816-லேயே பினாங்கில் தமிழ் வகுப்பு ஆரம்பித்தாகிவிட்டது தம்பி" என்று பார்க்கும்போதெல்லாம் பெருமையாகச் சொல்வார். ரிட்டயர்மென்ட் பணத்தில் இந்த வேனைப் பழைய வண்டியாக வாங்கினார். மனைவி டீச்சரம்மாவோடு மலேசியா முழுக்கச் சுற்ற வேண்டும் என்பது இருவருக்கும் இருபது வருட ஆசை. அப்படி முதலில் கிளம்பியது கேமரன் மலைக்கு. தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பாதை நம்ம கொல்லிமலை போலத்தான், வளைவு வளைவாகப் போய்க்கொண்டே இருக்கும். பாதி வழியில் சூடு முள் ஏறி, வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். அங்கிருந்து டோ பண்ணிக் கொண்டுபோன பட்டறையில் "எஞ்சினின் மேல்மூடி, ஹெட் போய்விட்டது, எட்டாயிரம் வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட். டீச்சரம்மா இங்கே எங்கள் பட்டறைக்கு வந்து அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் குரலே சரியாக எழும்பவில்லை.

உண்மையைச் சொல்கிறேன் அப்பா, இந்த வண்டி அதற்கு முன்பே இரண்டு முறை என் கைக்கு வந்ததுதான். முதல் முறை எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் குறைகிறது என்றார்கள். அந்தத் தண்ணீர் டேங்க் தொப்பியின் ரப்பர் செத்திருந்தது, மாற்றிக் கொடுத்தேன். இரண்டாம் முறை ஒரு ஹோஸ் உப்பியிருந்தது, அதையும் மாற்றினேன். இரண்டும் மாற்ற வேண்டியவைதான். ஆனால் தண்ணீர் போன வழி அது இல்லை. அந்த இரண்டு முறையும் தேடுவதைப் பாதியில் நிறுத்தியது என் தப்பு. "ஹெட்டில் கை வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி எங்கே போச்சுன்னு கணக்குக் காட்டு" என்று நீங்கள் லாரி டிரைவர்கள் முன்னாடியே என்னைத் திட்டுவீர்களே, மூன்றாம் முறை அதைத்தான் செய்தேன்.

முதலில் ஹெட்டைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். வண்டி ராத்திரி முழுக்க ஆறியபிறகு, காலையில் ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். ஹெட்டில் விரிசல் இருந்தால் சூடேறுவதற்குள்ளேயே ஹோஸ் கல் மாதிரி இறுகும். இறுகவில்லை. டேங்கில் குமிழ் இல்லை. ஆயில் தொப்பியில் தயிர் மாதிரி எதுவும் ஒட்டவில்லை. இங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி, டேங்க் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே இழுக்க வேண்டும். சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் நிறம் மாறிவிடும். இரண்டு தடவை இழுத்தேன். நீலம் நீலமாகவே நின்றது.

அப்புறம் கைப் பம்பு. டேங்க் தொப்பிக்குப் பதிலாக அதை மாட்டி, தொப்பியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை அடித்துவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். வெளியே நல்ல மழை. மெதுவாக, மிக மெதுவாக முள் இறங்கியது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, அதனால் விரலால் தேடினேன். பின்பக்கம் போகும் இரண்டு இரும்புக் குழாய்கள், தரைக்கு அடியில் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. அவற்றை பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்புக்கு மேல்பக்கம் விரலை விட்டபோது ஈரம். மோந்து பார்த்தேன், தண்ணீரில் கலக்கும் கூலன்டின் அந்த இனிப்பு வாசம். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகச் சுரண்டினேன். துரு பொருக்காக உதிர்ந்தது, முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கிளாம்பு மறைத்ததால் மேலே பார்த்தால் தெரியாது. வண்டி ஓடும்போது கசிகிற தண்ணீர் காற்றில் சிதறிவிடும், நிற்கும்போது அழுத்தம் இல்லாததால் சொட்டாது. மலை ஏறும்போதுதான் அழுத்தம் முழுதாக ஏறி வாரி இறைத்திருக்கிறது.

அந்தக் குழாய் எதற்குத் தெரியுமா? பின் சீட்டுக்காரர்களுக்கு ஹீட்டர்! ஜப்பானில் பனிக்காலத்துக்கு வைத்தது. பட்டர்வொர்த் வெயிலில் ஒருநாளும் போட்டிருக்க மாட்டார்கள். போடவில்லை என்பதால் யாருக்கும் அது ஞாபகமே இல்லை. ஆனால் எஞ்சின் தண்ணீர் அங்கேயும்தானே இருக்கிறது. வண்டியைச் செய்தவர்கள் மேல் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, இருபது வருடத்துக்கு மேல் உழைத்த இரும்பு அது. அதோடு, முன்பு வைத்திருந்தவர் "இந்த ஊரில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு" என்று வெறும் பைப் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். பழைய தண்ணீரை இறக்கியபோது டீ டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை. துருப் பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை ஏற்றுவதும் அதுதான். பாதிக்குப் பாதி கலந்து, தொப்பியின் அழுத்தமும் சேர்ந்தால் 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று, நீங்கள் கோபப்படக் கூடாது. யாரோ தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருந்தார்கள். நாமும் லாரியில் அதைத்தான் செய்வோம். ஆனால் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை அப்பா. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் அடியில் உள்ள தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சாதாரண ரோட்டில் தெரியாது, மலையில் தெரியும். அண்ணன் எனக்கு இதைப் படம் போட்டுக் காட்டினார். புதியது வாங்கி, 82 என்று அதன் மேலேயே அச்சடித்திருந்ததால், பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். சரியாகத் திறந்தது. பட்டறைக்கு வரும் வண்டிகளில் இனிமேல் கழற்றுவதற்கு முன் அடியில் அந்தத் தட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பின் ஹீட்டரை அப்படியே துண்டித்துவிட்டு, எஞ்சின் பக்கத்திலேயே புது ஹோஸ் போட்டு வளைத்து இணைத்துவிட்டேன். கேமரனில் ராத்திரி குளிருமே என்று கேட்டதற்கு, "இரண்டு கம்பளி இருக்கிறது தம்பி, தண்ணீர் நின்றால் போதும்" என்றார் டீச்சரம்மா. முன் ஹீட்டரைத் தொடவில்லை. ஏற்றத்தில் சூடு கூடினால் ஏசியை நிறுத்தி, முன் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உள்ளே வேர்க்கும், ஆனால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும்.

ஏர் எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. டேங்க் முன்னால் பானட்டுக்குள், எஞ்சின் பின்னால் சீட்டுக்கு அடியில். குழாய்கள் நீளம், அதனால் காற்று எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். நாம் லாரி மூக்கைத் தூக்கி நிறுத்துவோமே, அதேபோல் முன் சக்கரங்களைச் சரிவில் ஏற்றி நிறுத்தினேன். ஏர் எடுக்கவென்றே நுனியில் போல்ட் அடைத்த ஒரு சின்ன ஹோஸ் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, ஹோஸை டேங்குக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, புனலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூலன்ட் ஊற்ற வேண்டும். களுக் களுக் என்று காற்று வந்துகொண்டே இருந்தது. முழுதாக நிற்க இரண்டு மணி நேரம் ஆனது. அவசரப்பட்டு மூடியிருந்தால் மறுபடியும் மலையில்தான் நின்றிருக்கும்.

கடைசியாக டேங்கில் தண்ணீர் குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்று வைத்தேன். இந்த வேனின் சூடு முள் எப்போதும் 11 மணி இடத்திலேயே நிற்கும். சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அசையாது. அது அசைவதைப் பார்க்கும்போது எஞ்சின் ஏற்கெனவே கஷ்டத்தில் இருக்கும். தண்ணீர் போவதை முதலிலேயே சொல்ல ஒரு வாய் வேண்டும்.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வீட்டுக் கரண்டே 100 வோல்ட்தான். வேனில் வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் பிளக்கும் சார்ஜரும் அதற்கானவை. இங்கே 230-240. யாரோ நேராகச் சொருகி சார்ஜரைக் கருக்கியிருந்தார்கள். புது சார்ஜர் போட்டு, இந்த ஊர் சதுர முள் பிளக்கும் வைத்துவிட்டேன். உள்வீட்டு பேட்டரி ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம், அதற்குக் கீழே விடவேண்டாம் என்று மீட்டர் பக்கத்திலேயே தமிழில் எழுதி ஒட்டினேன். வாத்தியார் அதில் ஒரு சந்திப் பிழையைத் திருத்தினார்!

கூரைத் துணியை ஈரத்தோடு மடித்து வைத்ததால் கரும்பூஞ்சை. வினிகர் தண்ணீரில் துடைத்து இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்தேன். ரேடியோவும் பாடவில்லை. ஜப்பான் செட்டில் எஃப்எம் 76-லிருந்து 90 வரைதான், இங்குள்ள தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் அதற்கு மேலே. பேண்ட் மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை ஆன்டெனா வயரில் சேர்த்ததும் தமிழ்ப் பாட்டு வந்தது. டீச்சரம்மா சீட்டில் உட்கார்ந்து பாட்டு முடியும் வரை இறங்கவில்லை.

எட்டாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வரும் சனிக்கிழமை மறுபடியும் கேமரன் போகிறார்கள். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்கள், அண்ணன் லீவு கொடுத்துவிட்டார். பம்பையும் ஐந்து லிட்டர் கூலன்டும் எடுத்துக்கொள்கிறேன். போய் வந்து போன் பண்ணுகிறேன், அப்போது அம்மாவிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் முட்டி வலிக்கு இங்கிருந்து தைலம் அனுப்பியிருக்கிறேன். குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பதைக் கொஞ்ச நாளைக்குப் பையன்களிடம் விடுங்கள்.

அந்த ஓட்டைக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கிளாம்போடு எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன், நீங்களே விரலை விட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
பெரியவன்