பழத்தோட்டத்துப் புல்வெளியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

மூணாறுப் பக்கத்து வட்டவடை, கோவிலூர், கொட்டகாம்பூர் சொந்தங்களுக்கும், முதுவான் பழங்குடி ஊர்களான குடிகளில் இருக்கும் அக்கா தங்கைகளுக்கும், வனத்துறையில் வேலை பார்க்கும் சேட்டன்மாருக்கும் சேச்சிமாருக்கும் வணக்கம்.

பழத்தோட்டம் என்று நாம் பெயர் சொல்லும் மலைமேட்டில் இந்த மழைக்குப் புல் செழித்து நிற்கிறது. 2019-இல் தீ வந்து, ஆனமுடிச்சோலைத் தேசியப் பூங்காவின் அந்தப் பக்கம் கருகிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். இதற்காக உழைத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, குடிகளிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு. அங்கே எரிந்தது வாட்டில் மரங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து, பட்டைக்காகவும் விறகுக்காகவும் நம் மலைகளில் நட்ட மரம் அது. எரிந்ததோடு ஒழிந்தது என்று விட்டிருந்தால் இன்றைக்குப் பழையபடி வாட்டில்தான் அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் விதைக்கு ஓடு கெட்டி. பல பத்து வருடம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீச்சூடு பட்டதும் அந்த ஓடு விட்டுக்கொடுக்க, அடுத்த மழையில் கால் வைக்க இடமில்லாமல் முளைத்து வரும். அரிவாளால் அறுத்தால் பயனில்லை. செடி சின்னதாக இருக்கும்போதே, மண் ஈரம் காய்வதற்குள் வேரோடு பிடுங்க வேண்டும். அந்தச் சாரலிலும் குளிர்காற்றிலும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நீங்கள் பிடுங்கினீர்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடியும் முளைத்தது. மறுபடியும் வந்து பிடுங்கினீர்கள். அக்கா, இந்த இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வந்ததற்குத்தான் நான் பெரிதாகக் கும்பிடுகிறேன். ஒரு தடவை எல்லோரும் வருவார்கள்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டாலும் களை ஏறிவிடும். பக்கத்து மேட்டில் தப்பிப் பிழைத்திருந்த நம்மூர்ப் புல்லைத் தூர் பிரித்து நட்டதும் நீங்கள்தான். எது கூரைக்கு ஆகும், எதைக் கடமான் கடிக்கும், எது பனிக்குத் தாங்கும் என்று பார்த்த உடனே சொல்லும் அறிவு உங்களுக்கு இருந்தது. புல்லை ஆராயும் படிப்பாளிகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

மரத்தை ஒழித்துவிட்டுப் புல் வளர்ப்பதா வனத்துறைக்கு வேலை என்று அப்போது ஊரில் நிறையப் பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கோபப்படாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொன்ன வனத்துறை பீட் ஆபீசர்களை மறக்க மாட்டேன். நம்ம மலையில் மடிப்பில் அடர்ந்த சோலைக்காடு, மேட்டில் புல். இரண்டும் சேர்ந்ததுதான் இங்கே காடு. வரையாடு சோலைக்குள் மேயாது, அதற்குத் திறந்த புல்மேடும் பாறைச்சரிவும் வேண்டும். நீலகிரி நெட்டைக்காலி என்கிற சின்னக் குருவி மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளை விட்டால் வேறு எங்கும் வாழாது. 2018-இல் பூத்த குறிஞ்சியும் வெளிச்சம் படும் மேட்டில்தான் வளரும். வாட்டில் அடர்ந்தால் இவை எல்லாவற்றுக்கும் இடம் போய்விடும். மலை பச்சையாகத் தெரிவதை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் மாடு வைத்திருக்கும் கோவிலூர்க்காரர்கள். புதுப்புல் தலைகாட்டும் நேரத்தில் மேய்ச்சலுக்கு வேறு பக்கம் ஓட்டிப்போனீர்கள். கூட நடக்க வேண்டியிருந்தது, தீவனமும் வாங்க வேண்டியிருந்தது. உங்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது, அதனால் இங்கே சொல்கிறேன்: நீங்கள் ஒதுங்கிக் கொடுக்காவிட்டால் நட்டது ஒன்றும் நின்றிருக்காது.

தீ வாச்சர் அண்ணன்மாருக்கு என்ன சொல்ல? டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல் கருகிவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும். அதற்கு முன்பே தீ தாண்டிப் பரவாமல் இருக்க ஃபயர் லைன் வெட்டி, காற்று அடங்கிய நேரம் பார்த்து அந்த லைனை மட்டும் எரித்து, மழை வரும் வரை மேட்டில் காவல் இருக்கிறீர்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் இறங்க முடியாத நாட்கள் உண்டு. உங்கள் வீட்டாருக்கும் நன்றி.

இப்போது அங்கே காட்டுமாடும் கடமானும் மேய்கின்றன. மேலே புல் இருந்தால் அவை ஏன் என் பீன்ஸுக்கும் பூண்டுக்கும் இறங்கப் போகின்றன? இங்கே மண்ணில் இறங்கும் மழைத்தண்ணீர் கிழக்கே பாம்பாற்றில் சேர்ந்து, சின்னாறு தாண்டி அமராவதி அணைக்குப் போகிறது. உடுமலைப் பக்கம் வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர்களே, நீங்களும் இவர்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வாட்டில் இன்னும் பல மேடுகளில் அப்படியே நிற்கிறது. வருகிற பனிக்கு முன் ஃபயர் லைன் வெட்ட ஆள் தேவைப்படும். கோவிலூர் இளைஞர்களே, வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் சூழல் மேம்பாட்டுக் கமிட்டியில் பெயர் கொடுங்கள். நானும் வருகிறேன்.

நன்றியுடன்,
வட்டவடையில் பூண்டு விவசாயம் செய்யும் உங்களில் ஒருவன்