மோடம் சும்மா கத்தவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினியைத் தொலைபேசி லைனில் இணைக்கும் பழைய டயல்-அப் மோடம் 'காரணமில்லாமல் கத்தும்' என்று உங்கள் ஞாயிறு பக்கத்தில் படித்தேன். 1999-ல் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கணினி பார்த்தவன் நான். அந்தக் கத்தலை வைத்தே லைன் எப்படி என்று சொல்லிவிடுவேன்.

சென்னையிலிருந்து ராத்திரியில் வரும் ஆர்டர் ஃபைல்களை எங்கள் மோடம்தான் வாங்கும். எத்தனையாவது மணியில் மோடம் தானாக எடுக்க வேண்டும் என்று குறிக்கும் 'எஸ்0' அமைப்பில் 2 என்று போட்டிருந்தோம். இரண்டாவது மணியில் அதுவே எடுத்துவிடும். எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு 'பீ...'. எதிர்முனை மோடத்துக்கு அது பதில். கூடவே, பேசியவர் குரல் அவருக்கே திரும்பிக் கேட்காமல் தடுக்க தொலைபேசி வழியிலுள்ள எதிரொலி அடக்கிகளையும் அதுதான் அணைத்து வைக்கும். மனிதர் பேச அவை வேண்டும், இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுகிற மோடங்களுக்கு இடைஞ்சல். அப்புறம் வரும் கரகரப்பில் இரண்டும் லைனைச் சோதித்து, வேகத்தைப் பேரம் பேசி முடிக்கும். எங்களுடையது நொடிக்கு 33.6 கிலோபிட் அனுப்பும் மோடம். மழை பிடித்தால் அதில் பாதி தேறினாலே பெரிது.

ஒருநாள் ராத்திரி அவசரமாகக் குடியாத்தத்திலிருந்து அத்தை கூப்பிட்டிருக்கிறார். "உன் ஆபீஸ்ல யாருடா விசில் அடிக்கிறது?" என்று மறுநாள் ஒரே திட்டு. மோடம் முந்துவதற்குள் ஆள் எடுக்கட்டும் என்று அன்றைக்கே 'எஸ்0'-வில் 2-ஐ 6 ஆக்கினேன்.

இன்னொன்று: இணைப்பு கிடைத்ததும் சத்தம் நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நிற்பதில்லை. மோடம் தன் ஸ்பீக்கரை அணைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஆற்காடு வாசகர்